நடக்க முடிந்தால் எலும்பு முறியவில்லையா?

செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்குக் கால்விரல் அடி புதிதில்லை. நன்கு விளைந்த ஒரு குலை 20 கிலோவைத் தாண்டும். அது காலில் விழுந்தால் பூட்ஸ் போட்டிருந்தாலும் விரல் தப்புவது அதிர்ஷ்டம்தான். பகாவ், ரந்தாவ், லிங்கி பக்கம் வளர்ந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். "நடக்க முடியுதுல்ல, ஒன்னும் உடையல" என்று சொல்லி மறுநாளே வேலைக்குப் போன அப்பாவோ மாமாவோ ஒருவர் இருப்பார்.

விரல் எலும்பு முறிந்தவர்களில் பலரால் நடக்க முடியும். குதிகாலை ஊன்றி நொண்டியபடி ஒரு நாளையே ஓட்டிவிடலாம். அதனால் பார்க்க வேண்டியது வேறு. வீக்கம், ஊதா நிறத்தில் ரத்தக்கட்டு (சிலருக்கு இது மறுநாள்தான் தெரியும்), ஓரிடத்தைத் தொட்டாலே சுரீர் என்னும் வலி, சற்றே திரும்பி நிற்கும் விரல். இவை இருந்தால் எக்ஸ்ரே எடுப்பதே நல்லது.

வானொலியில் இந்தப் பேச்சு வந்தால் நேயர்கள் முதலில் சொல்வது "எண்ணெய் போட்டு உருவுங்க" என்பதுதான். வேண்டாம்! முறிந்த எலும்பை உருவினால் அது மேலும் விலகலாம். துணியில் சுற்றிய ஐஸை 15 நிமிடம் வைத்து எடுங்கள். காலைத் தலையணை மேல் உயர்த்தி வையுங்கள்.

சிறிய விரலில் எலும்பு விலகாமல் முறிந்திருந்தால் மாவுக்கட்டு பெரும்பாலும் தேவைப்படாது. பக்கத்து விரலோடு சேர்த்து டேப் ஒட்டுவார்கள். இடையில் பஞ்சோ காஸ் துணியோ வைக்க மறந்தால் வியர்வையில் தோல் புண்ணாகிவிடும். நம் ஊர் வெயிலுக்குக் கேட்கவே வேண்டாம். இறுக்கி ஒட்டி விரல் நீலமானாலோ மரத்துப்போனாலோ உடனே கழற்றுங்கள். சிலிப்பரை விட்டு, அடிப்பாகம் வளையாத சப்பாத்து போடுங்கள். ஆற 4 முதல் 6 வாரம் ஆகும்.

பெருவிரல் கதை வேறு. உடலின் பாரத்தைத் தாங்குவதில் அதற்குப் பெரிய பங்கு. அதில் முறிவு என்று சந்தேகம் வந்தாலே மருத்துவரிடம் போய்விடுங்கள். தோல் கிழிந்திருந்தாலும், நகத்தடியில் ரத்தம் கசிந்தாலும், விரல் கோணியிருந்தாலும் அவசரப் பிரிவுக்கு.

எனக்குக் கவலை தருவது நீரிழிவு உள்ளவர்கள்தான். 2023ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் ஏறக்குறைய ஆறில் ஒருவருக்கு இந்நோய். நம் சமூகத்தில் இன்னும் அதிகம். நரம்பு பாதித்த காலில் முறிவுகூட வலிக்காது. பாட்டி "வலியே இல்லைய்யா" என்றாலும் காலைப் பிடித்துப் பாருங்கள். வீக்கமோ சூடோ தெரிந்தால் அன்றே கிளினிக்குக்கு அழைத்துச் செல்லுங்கள்.

முன்பு பெரிய தோட்டங்களில் டிரெஸர் இருந்தார். பார்த்ததும் மருத்துவமனைக்கு அனுப்பிவிடுவார். இப்போது அந்த முடிவை வீட்டில்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. சிரம்பான், கோலப்பிலா, போர்ட்டிக்சன், தம்பின் ஆகிய ஊர்களில் அரசாங்க மருத்துவமனைகள் உள்ளன.

வேலையிடத்தில் அடிபட்டிருந்தால் அதைப் பதிவின்போதே மருத்துவரிடம் சொல்லுங்கள், முதலாளிக்கும் தெரிவியுங்கள். அவர் 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். சொக்சோ சந்தாதாரருக்குக் குறைந்தது 4 நாள் மருத்துவ விடுப்பு கிடைத்திருந்தால், தினச் சம்பளத்தில் 80 விழுக்காடு உதவித்தொகை கோரலாம். வேலைக்குப் போகும் வழியில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து முறிந்த விரலுக்கும் இது பொருந்தும்.