வழுக்கைக்கு மருந்து உண்டா?

"அசூயைக்கும் கஷண்டிக்கும் மருந்தில்லை" என்பது மலையாள நாட்டுப் பழமொழி. அசூயை என்றால் பொறாமை. கஷண்டி என்றால் வழுக்கை. மலையாளமும் தமிழும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து பேசும் குமரி மாவட்டத்தின் மேற்குக் கரைக்கும் இந்தப் பேச்சு புதியதல்ல. பொறாமையைப் பொறுத்தவரை பழமொழி இன்றும் பொய்க்கவில்லை. வழுக்கையைப் பொறுத்தவரை பாதி பொய்த்துவிட்டது. மெலியத் தொடங்கிய முடியைக் காக்க இன்று மருந்து உண்டு. அடியோடு போய்விட்ட முடியைத் திரும்ப அழைத்துவரத்தான் மருந்து இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள சில வருஷங்களை எண்ணெய்ப் புட்டியிலும் விளம்பரத்திலும் கழித்துவிட்டு, பிறகு டாக்டரிடம் ஓடுகிறவர்கள் எத்தனையோ பேர்!

குழித்துறை ஆறு அரபிக் கடலில் கலக்கும் இடத்தில் இருக்கிறது தேங்காய்ப்பட்டணம். பெயரிலேயே தேங்காய் இருக்கிறது. தொட்டில் பிள்ளை முதல் தொண்டு கிழவர் வரை தலைக்குத் தேங்காய் எண்ணெய் தேய்ப்பது இந்தக் கரையில் பரம்பரைப் பழக்கம். தேங்காய் எண்ணெயால் வழுக்கை தடைபடுமானால், இந்த ஊரில் ஒரு வழுக்கைத் தலையைக்கூடக் காண முடியாது. ஆனால் மற்ற ஊர்களைப் போலவே இங்கும் முன்நெற்றி ஏறிய வாலிபர்களும், உச்சி பளபளக்கும் பெரியவர்களும் உண்டு. அப்படியானால் எண்ணெயின் புகழ் எல்லாம் வீண்தானா?

எண்ணெய் செய்யும் வேலை

வீண் அல்ல. எண்ணெய் செய்யும் வேலை வேறு. வழுக்கை பிறக்கும் இடம் வேறு. அவ்வளவுதான் விஷயம். மும்பையில் தேங்காய் எண்ணெய் விற்கும் கம்பெனி ஒன்றின் ஆராய்ச்சியாளர்கள் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் மூன்றையும் முடியில் தடவி ஒப்பிட்டுப் பார்த்து, 2003-ல் முடிவை வெளியிட்டார்கள். முடியிலிருந்து புரதம் கழிந்துபோவதைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் ஒன்றுதான். அது முடியின் தண்டுக்குள்ளேயே ஊறக்கூடியது. ஆகவே வளர்ந்த முடி சீப்புக்கும் வெயிலுக்கும் ஒடியாமல் இருக்க அது உதவும்.

ஆனால் வழுக்கை தண்டில் தொடங்குவதல்ல. தோலுக்கு அடியில் உள்ள மயிர்க்காலில் தொடங்குவது. வாடுகிற தென்னையின் ஓலைக்கு எண்ணெய் பூசினால் ஓலை மினுங்கும். வேரில் உள்ள வியாதி தீருமா?

பிடரி மயிர் சொல்லும் சாட்சி

மனிதனுடைய தலையில் ஏறக்குறைய 1 லட்சம் முடிகள் உள்ளன. ஒவ்வொரு முடியும் 2 முதல் 6 வருஷம் வரை வளரும். பிறகு சுமார் 3 மாதம் ஓய்ந்திருந்து உதிரும். அதே மயிர்க்காலில் புது முடி கிளம்பும். இப்படி நாள் ஒன்றுக்கு 50 முதல் 100 முடி உதிர்வது இயற்கையே. தலை துவட்டிய துண்டில் நாலு முடியைக் கண்டு நடுங்க வேண்டியதில்லை.

ஆண்களின் வழுக்கையில் நடப்பது வேறு. 'டெஸ்டோஸ்டிரோன்' என்ற ஆண் ஹார்மோன் உடலுக்குள் ஒரு நொதியால் 'டைஹைட்ரோ டெஸ்டோஸ்டிரோன்' ஆக மாறுகிறது. பரம்பரையாக அதற்கு ஈடுகொடுக்க முடியாத மயிர்க்கால்கள், ஒவ்வொரு முறை முடி மாறும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்குகின்றன. தடித்த முடி மெலிகிறது. மெலிந்தது பூனை மயிராகிறது. கடைசியில் அதுவும் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. தாய்மாமனுக்கு வழுக்கை இருந்தால் மருமகனுக்கும் வரும் என்று சொல்வது பாதி உண்மை. தாய்வழியாக வரும் மரபணு ஒன்றுக்கு இதில் பெரும் பங்கு உண்டு. தகப்பன்வழியிலும் அது வரலாம்.

விதை நீக்கப்பட்டவர்களுக்கு வழுக்கை விழுவதில்லை என்பதைப் பழைய கிரேக்க வைத்தியர் ஹிப்பாக்ரடீஸின் காலத்திலேயே கவனித்திருந்தார்கள். 1942-ல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் ஜேம்ஸ் ஹாமில்டன் இதைச் சோதித்துக் காட்டினார். பருவ வயதுக்கு முன் விதை நீக்கப்பட்டவர்களுக்கு வழுக்கை விழவில்லை. அவர்களில், குடும்பத்தில் வழுக்கை உள்ளவர்களுக்கு ஆண் ஹார்மோனைக் கொடுத்தபோது முடி போகத் தொடங்கியது.

வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போய் விடுமுறையில் ஊர் திரும்பும் வாலிபர்கள், "அந்த ஊர்த் தண்ணீர்தான் முடியைத் தின்றுவிட்டது" என்பார்கள். கடலில் தொழில் செய்வோர் உப்புக் காற்றைக் குறை சொல்வார்கள். மோட்டார் சைக்கிள் ஓட்டுவோர் ஹெல்மெட்டைக் குறை சொல்வார்கள். உப்புத் தண்ணீரால் முடி கரடுமுரடாகும், ஒடியும் என்பது மெய்தான். ஆனால் தண்ணீரும் காற்றும் தலை முழுவதும் அல்லவா படுகின்றன? நெற்றியும் உச்சியும் மட்டும் வெறுமையாகி, காதோரமும் பிடரியும் செழித்து நிற்பானேன்? அந்தப் பிடரி மயிரே சாட்சி. குற்றவாளி வெளியே இல்லை, உடலுக்குள் இருக்கிறான். ஊருக்குப் போகும் வயதும், வழுக்கை தொடங்கும் வயதும் ஒன்றாக இருப்பதால் தண்ணீருக்குப் பழி வந்து சேர்கிறது!

ரத்தக் கொதிப்பு மாத்திரை செய்த விந்தை

முடிக்கு மருந்து தேடியவர்கள் கண்டுபிடித்ததல்ல 'மினாக்சிடில்'. அது ரத்தக் கொதிப்பைக் குறைக்க அமெரிக்காவின் அப்ஜான் கம்பெனி தயாரித்த மாத்திரை. 1979-ல் அங்கே அங்கீகாரம் பெற்றது. அதை விழுங்கிய நோயாளிகளுக்குக் கொதிப்பு இறங்கியதோடு, கையிலும் முகத்திலும் ரோமம் வளர்ந்தது. தொல்லை என்று நினைத்ததே வழியாயிற்று. மாத்திரையைத் திரவமாக்கித் தலையில் தடவிப் பார்த்தார்கள். 1988-ல் அமெரிக்க அரசு ஆண்களின் வழுக்கைக்கு அதை அனுமதித்தது. இன்று நம் ஊர் மருந்துக் கடைகளிலும் கிடைக்கிறது.

இதைத் தடவும் முறை தெரியாமலே பலர் கைவிடுகிறார்கள். வழக்கமான அளவு ஒரு வேளைக்கு 1 மில்லி. காலையும் இரவும் இரண்டு வேளை. 60 மில்லி புட்டி ஒரு மாதத்துக்கு வரும். முடியில் அல்ல, வகிடெடுத்துத் தோலில் தடவ வேண்டும். தலை உலர்ந்திருக்க வேண்டும். எண்ணெய்ப் பூச்சின் மேல் தடவினால் மருந்து தோலில் சேர்வது கடினம். ஆகவே தேங்காய் எண்ணெய் தேய்க்கிறவர்கள் அதைக் குளிக்கும் முன் வைத்துக்கொண்டு, அலசி உலர்த்திய பிறகு மருந்தைத் தடவுவது நல்லது. தடவிய கையைக் கழுவிவிட வேண்டும். அடுத்த 4 மணி நேரத்துக்குத் தலையை நனைக்கக் கூடாது.

முதல் சில வாரங்களில் முடி முன்னைவிட அதிகமாக உதிரலாம். பயந்து நிறுத்துகிறவர்கள் இங்கேதான் ஏமாந்துபோகிறார்கள். ஓய்ந்திருந்த பழைய முடியைப் புது முடி தள்ளுவதால் நேர்வது அது. பலன் தெரிய 4 முதல் 6 மாதம் பிடிக்கும். முழுப் பலனை ஒரு வருஷம் கழித்தே சொல்ல முடியும். சிலருக்கு மயிர்க்காலில் இந்த மருந்தை வேலை செய்யத் தூண்டும் நொதி குறைவு. அவர்களுக்குப் பலன் இராது. பலன் கண்டவர்களும் நிறுத்தினால் சில மாதங்களில் அந்த முடியை இழப்பார்கள். இது பயிருக்குத் தண்ணீர் பாய்ச்சுவது போன்ற காரியம். ஒரு நாளில் முடிந்துவிடுவதல்ல.

அரிப்பு உண்டாகலாம். நெஞ்சு படபடத்தாலோ, கால் வீங்கினாலோ உடனே நிறுத்தி டாக்டரைப் பார்க்க வேண்டும். இருதய நோய் உள்ளவர்கள் கேட்காமல் தொடவே கூடாது. வீட்டில் பூனை இருந்தால் எச்சரிக்கை: இந்தத் திரவம் பூனைக்கு விஷம்.

ஷாம்பு எதற்கு?

'ஷாம்பு' என்ற சொல்லே இந்தியச் சொல். இந்தியில் அழுத்திப் பிடித்துவிடுவதைக் குறித்த சொல்லை, பாட்னாவில் பிறந்த ஷேக் தீன் முகமது 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் நீராவிக் குளியலோடு பிரபலமாக்கினார்.

இன்று டாக்டர்கள் எழுதிக் கொடுக்கும் மருந்து ஷாம்புகளில் முக்கியமானது 'கீட்டோகோனசோல்' கலந்தது. இது பூஞ்சையைக் கொல்லும் மருந்து. தலைத்தோலின் எண்ணெய்ப் பசையில் ஒரு வகைப் பூஞ்சை பெருகுவதால் பொடுகும் அரிப்பும் செதிலும் உண்டாகின்றன. கடற்கரைப் புழுக்கமும் வியர்வையும் இதற்கு ஏற்றவை. பொடுகுத் தலையில் இரவெல்லாம் எண்ணெயை ஊறவிடுவது உகந்ததல்ல.

இந்த ஷாம்பு பொடுகை அடக்கும். அரிப்பால் சொறிந்து முடி உதிர்வதைக் குறைக்கும். வழுக்கையையே தடுக்குமா? 1998-ல் பெல்ஜிய ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்ட ஒரு சிறிய ஆய்வு நம்பிக்கை தந்தது. ஆனால் சிறிய ஆய்வை வைத்து ஷாம்பு ஒன்றே போதும் என்று இருந்துவிட முடியாது. அதைத் துணை மருந்தாகவே கொள்ள வேண்டும். பொதுவாக வாரம் இரு முறை. நுரைத்தபின் 3 முதல் 5 நிமிஷம் தலையில் விட்டு அலச வேண்டும். போட்டதும் கழுவினால் காசு தண்ணீரோடு போகும்.

மாத்திரையின் கதை

1974-ல், டொமினிக்கன் குடியரசின் கிராமம் ஒன்றைப் பற்றி ஓர் ஆராய்ச்சி வெளியாயிற்று. முன்னே சொன்ன ஹார்மோன் மாற்றத்துக்கு வேண்டிய நொதி, அங்கே சில ஆண்களுக்குப் பிறவியிலேயே குறைவு. அவர்களுக்கு வழுக்கை விழவில்லை. அந்த நொதியைத் தடுக்கும் 'பினாஸ்டிரைடு' மாத்திரை 1992-ல் புராஸ்டேட் வீக்கத்துக்கும், 1997-ல் வழுக்கைக்கும் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

பலன் உண்டு, ஆனால் இதைக் கடையில் கேட்டு வாங்கி விழுங்கலாகாது. சிலருக்குத் தாம்பத்திய ஆசை குறையலாம். மனச் சோர்வு வரலாம். தற்கொலை எண்ணம் தோன்றுவதும் இதன் பக்கவிளைவு என்று ஐரோப்பிய மருந்துக் கண்காணிப்பு அமைப்பு 2025-ல் உறுதி செய்தது. கர்ப்பிணிகள் உடைந்த மாத்திரையைக் கையாலும் தொடக் கூடாது. புராஸ்டேட் ரத்தப் பரிசோதனையின் அளவையும் இம்மருந்து ஏறக்குறையப் பாதியாகக் குறைத்துக் காட்டும். பரிசோதனை செய்யும் டாக்டரிடம் இதைச் சொல்லிவிட வேண்டும்.

விளம்பரத்தில் மயங்கலாமா?

"நாற்பதே நாளில் நாலங்குலக் கூந்தல்!" இப்படிப்பட்ட விளம்பரங்களுக்கு என்றும் பஞ்சமில்லை. முடி மாதத்துக்கு வளர்வதே சுமார் 1 சென்டிமீட்டர்தான் என்று தெரிந்தவர்களை யாரும் ஏமாற்ற முடியாது. இந்திய மருந்து விதிகளின் 'ஜே' அட்டவணையில், குணப்படுத்துவதாக உரிமை கொண்டாடக் கூடாத நோய்களின் பட்டியல் இருக்கிறது. அதில் வழுக்கையும் உண்டு.

எல்லா முடி உதிர்தலும் வழுக்கை அல்ல என்பதையும் மறக்கக் கூடாது. டைபாய்டு, டெங்கு போன்ற கடுமையான காய்ச்சலுக்குப் பின் 2, 3 மாதம் கழித்துக் கொத்துக் கொத்தாக உதிரும். அது பெரும்பாலும் தானாகவே திரும்பும். ரத்த சோகையாலும் தைராய்டு கோளாறாலும் உதிரலாம். வட்ட வட்டமாகச் சொட்டை விழுவதைப் புழுவெட்டு என்கிறோம். அங்கே புழுவும் இல்லை, வெட்டும் இல்லை. உடலின் காவல் சக்தியே தன் மயிர்க்காலைத் தாக்குகிறது. ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி குமரி மாவட்டத்திலேயே இருக்கிறது. பத்துப் புட்டி எண்ணெய் வாங்கும் முன் சரும வைத்தியரிடம் ஒரு முறை தலையைக் காட்டுவது சிக்கனம்.

முன்நெற்றி ஏறத் தொடங்கும்போதே போனால் காக்க முடி இருக்கும். பளபளத்த பிறகு போனால், பிடரி மயிரை எடுத்து நடும் அறுவை வைத்தியம் ஒன்றே மிச்சம். அதுவும் வேண்டாம் என்று இருப்பவர்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. வழுக்கை உடலைக் கெடுக்கும் வியாதி அல்ல. அதை வைத்துப் பிறர் செய்யும் பரிகாசம்தான் வலி. கல்யாணப் பேச்சு நடக்கும் வீட்டில், மாப்பிள்ளையின் தலையைவிட அவன் குணத்தைப் பார்க்கப் பெரியவர்கள் பழகினால், பாதி மருந்துக்குத் தேவையே இராது.