கட்டினவரும் கட்டுவித்தவரும்

இரவு வேலை முடிந்து வரும் காலைகளில், பஸ்ஸைத் தவிர்த்து, ஒஷாவாவின் சிம்கோ வீதி வழியே நடப்பது என் வழக்கம். அங்கே பூந்தோட்டங்களின் நடுவே நிற்கிறது பார்க்வூட் மாளிகை. 55 அறைகள். 1915க்கும் 1917க்கும் இடையில் சாம் மக்லொக்லின் கட்டியது என்பார்கள். 1989இல் தேசிய வரலாற்றுச் சின்னமாகவும் அறிவிக்கப்பட்டது.

'கட்டியது' என்ற சொல்தான், ஒரு காலத்தில் தமிழ் இலக்கணம் படிப்பித்த என்னை உறுத்துகிறது.

சாமின் தந்தை றொபேர்ட், அயர்லாந்திலிருந்து வந்து குடியேறிய விவசாயக் குடும்பத்தவர். 1867இல் குதிரைவண்டிகள் செய்யத் தொடங்கினார். 1907இல் குடும்பம் மோட்டார் கார் உற்பத்தியில் இறங்கியது. 1918இல் நிறுவனம் ஜெனரல் மோட்டோர்ஸ் வசமாக, சாம் அதன் கனடியக் கிளையின் தலைவரானார். 'வந்தேறியவனும் உழைத்தால் உயரலாம்' என்று நம்மவர் மேடைகளில் சொல்லத்தக்க கதைதான்.

கதையின் மறுபாதி 1937இல் வெளிப்பட்டது. அவ்வாண்டு ஏப்ரல் 8ஆம் திகதி அத்தொழிற்சாலையின் ஏறத்தாழ 4,000 தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். எட்டு மணிநேர வேலை, சம்பள உயர்வு, பணிமூப்பு உரிமை, தொழிற்சங்க அங்கீகாரம் என்பன கோரிக்கைகள். மாகாண முதல்வர் ஹெப்பேர்ன் அவர்களுக்கெதிராக விசேட பொலிஸ் படை திரட்டினார். 23ஆம் திகதி உடன்பாடு கையெழுத்தாகும்வரை கார்கள் உற்பத்தியாகவில்லை. மாளிகையை எழுப்பிய செல்வம் யாருடைய கைகளில் விளைந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

தமிழில் தன்வினை வேறு, பிறவினை வேறு. தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டில் இராசராசன் 'எடுப்பிச்ச' என்றே பொறிப்பித்தான். தான் எடுத்ததாகச் சொல்லவில்லை. அரசனுக்கிருந்த அந்த இலக்கண நேர்மை நமக்கு உண்டா?

மலாயாவில் உத்தியோகம் பார்த்துத் திரும்பியவர்கள் யாழ்ப்பாணக் கிராமங்களில் எழுப்பிய கல்வீடுகளை நாம் அறிவோம். 'மலாயன் பென்சனியர் வீடு' என்றால் ஊருக்கே அடையாளம். அவற்றுக்குக் கல் சுமந்தோர் பலருக்கு, வேலை முடிந்தபின், சாதியின் பெயரால் முற்றத்தைத் தாண்ட அனுமதியில்லை. இன்று டொலரிலும் யூரோவிலும் ஊரில் எழும் மாடிவீடுகளையும் 'நான் கட்டின வீடு' என்றே சொல்லிக்கொள்கிறோம்.

நாள்தோறும் நான் பொருத்தியனுப்பும் உதிரிப்பாகங்களில் என் பெயர் இல்லை என்று எனக்கு ஒரு மனக்குறை உண்டு. ஆனால் என் பேரனாரும் ஒரு மலாயன் பென்சனியர்தான். அவர் வீட்டைக் கட்டிய மேசனின் பெயரை, அந்த வீட்டில் இருபது வருடம் வாழ்ந்தும், நான் ஒருநாளும் கேட்டதில்லை.