சேவையும் மதிப்பும்

சேவைத் தொழில் புதிய மதிப்பைப் படைப்பதில்லையென மார்க்ஸின் பெயரால் வாதிப்போர் உளர். அன்னோர் எளாவூர் வழியே செல்லும் லாரிகளைச் சற்று நோக்குவார்களாக. கும்மிடிப்பூண்டி ஆலையில் உருவான இரும்புக் கம்பி அங்கேயே கிடந்தால் யாருக்குப் பயன்?

1885-ல் எங்கெல்ஸ் வெளியிட்ட ‘மூலதனம்’ இரண்டாம் பாகத்தில் மார்க்ஸ் இதைத் தெளிவாக்கியுள்ளார். வாங்குதல், விற்றல், கணக்கெழுதுதல் ஆகியவை அவசியமாயினும் மதிப்பைப் படைப்பதில்லை. சரக்கை இடம் பெயர்ப்பதோ உற்பத்தியின் தொடர்ச்சியேயாகும். அவ்வுழைப்பு சரக்கின் மதிப்பைக் கூட்டுகிறது. 1867-ல் வந்த முதற்பாகத்திலோ, முதலாளியின் பள்ளிக்கூடத்தில் கூலிக்கு உழைக்கும் உபாத்தியாயரும் உபரி மதிப்பைத் தருபவரே என்றார்.

ஆகவே, ஓட்டுநரின் கூலியைத் தண்டச் செலவென்போர் மார்க்ஸைத் துணைக்கழைக்க வேண்டாம். ஓட்டுநர் கேட்பது தயவன்று; தாம் படைத்த மதிப்பில் தமக்குரிய பங்கே என்போம் நாம்.