மிச்சத்தில் ஒரு விருந்து

கிறிஸ்துமஸ் வான்கோழி ஒரு வேளைச் சாப்பாடு. அதற்குப் பிறகு வரும் நான்கு நாட்களில்தான் ஆங்கிலோ இந்தியச் சமையலறையின் சாமர்த்தியம் தெரியும்.

டிசம்பர் 25 மதியம் மேஜையின் நடுவில் பொன்னிறமாக வீற்றிருக்கும் வான்கோழியை 26ஆம் தேதி காலையில் பார்க்கச் சகிக்காது. மார்பு பாதி அறுபட்டு, ஒரு கால் காணாமல் போய், கொழுப்பு வெள்ளையாக உறைந்து கிடக்கும். கொல்கத்தாவின் போ பாரக்ஸ் குடியிருப்பு, கரக்பூர், ஜமால்பூர் ரயில்வே காலனிகள், ஜார்க்கண்டின் மெக்லஸ்கிகஞ்ச் என்று ஆங்கிலோ இந்தியர்கள் வாழும் இடங்களில், பண்டிகைக்கு வான்கோழி வாங்க முடிந்த வீடுகளுக்கு இது பழகிய காட்சி. விருந்துக்குப் போட்ட பணம் வீணா இல்லையா என்பதை முடிவு செய்வது இந்த மிச்சம்தான்.

கணக்கு எளிது. சுத்தம் செய்த 5 கிலோ பறவையில் எலும்பும், வேகும்போது வற்றும் நீரும் கொழுப்பும் போனால், சாப்பிடக்கூடிய இறைச்சி பாதிக்கும் குறைவு. மேஜையில் வேறு பதார்த்தங்களும் இருப்பதால் எட்டுப் பேர் சாப்பிட்ட பிறகும் ஒரு கிலோ மிஞ்சிவிடும். அந்த ஒரு கிலோவும் எலும்புக்கூடும் சேர்ந்தால் சிறிய குடும்பத்துக்கு மூன்று நாள் சமையல். எறிந்துவிட்டால் சாதாரணக் கோழியைவிடக் கூடுதல் விலைக்கு வாங்கிய பறவை வெறும் ஆடம்பரம்.

கோவா வழி வந்த விருந்தாளி

வான்கோழியின் தாயகம் அமெரிக்கக் கண்டம். அதைப் பழக்கி வளர்த்தவர்கள் மெக்சிகோவின் பழங்குடிகள். ஸ்பானியர்கள் மூலம் 16ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்குப் போன அது, போர்ச்சுக்கீசியர்களின் கோவா வழியாக முகலாய அரசவைக்கு வந்து சேர்ந்தது. 1612இல் முகர்ரப் கான் கோவாவிலிருந்து கொண்டுவந்த விநோதப் பிராணிகளில் ஒன்றாக அதைப் பார்த்த ஜஹாங்கீர், அதன் தலையும் கழுத்தும் நிறம் மாறுவதை வியந்து தன் நினைவுக் குறிப்புகளில் எழுதினார். அரசவை ஓவியர் மன்சூர் தீட்டிய வான்கோழி ஓவியம் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

பேரரசர் அதிசயமாகப் பார்த்த பறவையைக் கிறிஸ்துமஸ் மேஜைக்குக் கொண்டுவந்தது ஆங்கிலேயர் பழக்கம். ஆங்கிலோ இந்தியர்கள் அந்தப் பழக்கத்தை ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் மறுநாள் மிஞ்சியதை ஆங்கிலேயரைப் போலக் குளிர்ந்த துண்டங்களாகச் சாப்பிட அவர்கள் நாக்கு ஒப்பவில்லை.

பர்ஸும் ஒப்பவில்லை. ரயில்வே, சுங்கம், தபால் தந்தித் துறைகளில் அவர்களுக்கு அரசியல் சட்டம் அளித்த வேலை ஒதுக்கீடு படிப்படியாகக் குறைந்து 1960இல் முடிந்தது. வசதியும் வாய்ப்பும் இருந்த பலர் பிரிட்டன், ஆஸ்திரேலியா, கனடா என்று கப்பலேறினார்கள். தங்கியவர்களில் பெரும்பாலோர் மாதச் சம்பளத்தையோ பென்ஷனையோ நம்பிய குடும்பங்கள். டிசம்பர் வருமானம் கேக், ஒயின், புதுத்துணி, இறைச்சி என்று கரைந்த பிறகு, அடுத்த சம்பளம் வரை நாட்களைத் தள்ள வேண்டும். வான்கோழியின் கடைசித் துண்டு வரை பயன்படுத்தும் கலை அப்படி வளர்ந்தது.

காரமே மருந்து

இந்தக் கலையின் புகழ்பெற்ற வாரிசு ஜல்ஃப்ரேஸி. வங்காளியில் ‘ஜால்’ என்றால் காரம். முதல் நாள் ரோஸ்ட்டில் மிஞ்சிய இறைச்சியை வெங்காயம், மிளகாய் போட்டு வதக்கி மறுநாள் பரிமாறுவது பிரிட்டிஷ் காலச் சமையல்காரர்களின் வழக்கம். இன்று பிரிட்டனின் இந்திய உணவகங்களில் நன்றாக விற்கும் அயிட்டங்களில் அது ஒன்று. பழைய சோற்றைப் போலப் பழைய இறைச்சிக்குப் பிறந்த பதார்த்தம் அது என்பது அங்கே சாப்பிடுகிறவர்களில் பலருக்குத் தெரியாது.

வான்கோழியில் ஒரு சிக்கல் உண்டு. மார்புச் சதையில் கொழுப்பு மிகக் குறைவு. மறுபடி வேகவைத்தால் நார் நாராகிவிடும். அதனால் மசாலாவை முழுதாக வதக்கி முடித்து, கடைசி சில நிமிடங்களில் சூடேறும் அளவுக்கு மட்டும் அதைச் சேர்ப்பார்கள். கால், தொடைச் சதை கருமையானது, கொழுப்பும் பசையும் அதிகம். இரண்டாவது வேக்காட்டைத் தாங்கும். அது கொத்துக்கறியாகும்.

கொத்துக்கறிக்கு வழிகள் பல. மிஞ்சிய உருளைக்கிழங்கோடு பிசைந்தால் கட்லெட். மெல்லிய மைதா தோசைக்குள் வைத்துச் சுருட்டி, முட்டையில் நனைத்து, ரொட்டித் தூளில் புரட்டிப் பொரித்தால் ‘பேன்ட்ராஸ்’. ரொட்டித் தூளும் காய்ந்த பழைய ரொட்டியில் செய்ததுதான். எலும்போடு ஒட்டிய துண்டங்களில் கடுகு விழுது, மிளகாய்த்தூள், வினிகர் தடவிச் சுட்டால் ‘டெவில்’. ஃப்ரிட்ஜ் இல்லாத காலத்தில் வினிகர் ருசிக்கு மட்டும் சேர்க்கப்படவில்லை. புளிப்பு இறைச்சி கெடுவதைத் தள்ளிப்போடும்.

கை வைக்கும் முன்

சிக்கனம் ஆஸ்பத்திரிச் செலவில் முடியக்கூடாது. இறைச்சியில் இருக்கும் சில பாக்டீரியாக்களின் விதைகள் வேகவைத்தாலும் சாவதில்லை. பெரிய பாத்திரத்தில் மெல்ல ஆறும் இறைச்சியில் அவை மீண்டும் பெருகும். விருந்து முடிந்து 2 மணி நேரத்துக்குள், புழுக்கமான ஊர்களில் வெப்பம் 32 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் 1 மணி நேரத்துக்குள், எலும்பிலிருந்து பிரித்துச் சிறு பாத்திரங்களில் ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். அங்கே 3 அல்லது 4 நாள் தாங்கும். அதற்கு மேல் வேண்டுமென்றால் ஃப்ரீசர்தான். மறுபடி சூடாக்கும்போது துண்டின் நடுப்பகுதியும் 74 டிகிரியைத் தொட வேண்டும். எடுத்த அளவை அன்றே தீர்ப்பது நல்லது.

ஜல்ஃப்ரேஸி: செய்முறை

வெந்த வான்கோழித் துண்டுகள் அரை கிலோவுக்குப் பெரிய வெங்காயம் 3, பச்சை மிளகாய் 5, தக்காளி 2, இஞ்சி பூண்டு விழுது 2 டீஸ்பூன், மஞ்சள்தூள் அரை டீஸ்பூன், மிளகாய்த்தூள், சீரகத்தூள் தலா 1 டீஸ்பூன். எண்ணெயில் வெங்காயத்தைப் பழுப்பாகும்வரை வதக்கி, விழுதும் தூள்களும் சேர்த்து, தக்காளி கரைந்ததும் மிளகாயைப் போடவும். தண்ணீர் ஊற்றக்கூடாது. பிறகு இறைச்சியைச் சேர்த்து, ஆவி பறக்கும்வரை 4, 5 நிமிடம் புரட்டி இறக்கவும். சோறு, பருப்போடு சாப்பிடலாம்.

எஞ்சியது எலும்புக்கூடு. அதை 26ஆம் தேதியே உடைத்து, வெங்காயமும் மிளகும் போட்டு இரண்டு மூன்று மணி நேரம் கொதிக்கவைத்து வடித்துவிடுவார்கள். அந்தச் சாறில் பருப்பு, மிளகு, சீரகம், புளி சேர்ந்தால் முல்லிகடானி சூப். பெயரைக் கொஞ்சம் நிறுத்தி உச்சரித்தால் தமிழர்களுக்கு விஷயம் புரிந்துவிடும். அது நம் மிளகுத் தண்ணிதான். சென்னைவாழ் ஆங்கிலேயர்களுக்காக கர்னல் கென்னி ஹெர்பர்ட் எழுதி 1878இல் வெளிவந்த ‘கலினரி ஜாட்டிங்ஸ் ஃபார் மெட்ராஸ்’ நூல் இந்த சூப்பையும் விவரிக்கிறது. மேஜைகளிலும் கிளப்களிலும் சுற்றிய அந்த ரசம், கொல்கத்தாவின் ஆங்கிலோ இந்திய வீடுகளில் எலும்பின் கடைசிச் சத்தையும் உறிஞ்சிக்கொள்கிறது. அதன் பிறகு குப்பைக்குப் போவது வெறும் எலும்புதான்.