பாறசாலை ரோட்டில் குளிர் தவறும் வண்டிகள்: கேஸ் அடிக்கும் முன் பார்க்க வேண்டியவை

திருவனந்தபுரத்திலிருந்து தெற்கே நெய்யாற்றின்கரை, அமரவிளை, உதியன்குளங்கரை, பாறசாலை வழியாகக் களியக்காவிளைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் குளிரைச் சுமந்து போகும் வண்டிகளுக்குக் குறைவில்லை. மீன் வண்டி, பால் வண்டி, ஐஸ்கிரீம் வண்டி என்று இரவு பகல் பாராமல் போய்வந்து கொண்டிருக்கின்றன. 1956 நவம்பர் 1ஆம் தேதி விளவங்கோடு தாலுகா ஒரு ராஜ்யத்துக்கும் நெய்யாற்றின்கரை தாலுகா இன்னொரு ராஜ்யத்துக்கும் என்று கோடு கிழிக்கப்பட்டது. சந்தையும் சாப்பாடும் அந்தக் கோட்டைப் பெரிதாக மதிக்கவில்லை. இந்த வண்டிகளை ஓட்டுகிறவர்கள், பெட்டி இறக்குகிறவர்கள், சரக்குக் கணக்கு எழுதுகிறவர்கள் ஆகியோரில் தமிழர்கள் ஏராளம்.

வழியில் குளிர்பெட்டி தகராறு செய்தால் முதலில் மாட்டிக்கொள்வது ஓட்டுநர்தான். சரக்கு கெட்டால் முதலாளி அவரைத்தான் கேட்பார். சோதனையில் பிடிபட்டால் அதிகாரியும் அவரைத்தான் கேட்பார். பதற்றத்தில் அவர் சாலையோர ஒர்க்‌ஷாப்பில் வண்டியை நிறுத்துவார். அங்கே நடக்கும் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்:

"ஆசானே, பெட்டி தணுக்கவே மாட்டேங்குது. கேஸ் தீந்து போச்சுன்னு நினைக்கேன்."

"அடிச்சிடலாம், அண்ணாச்சி."

கேஸ் அடித்தாகிறது. பணம் போகிறது. நாலாம் நாள் பெட்டி மறுபடியும் சுடுகிறது.

கேஸ் தீருமா?

பெட்ரோலைப் போல எரிந்து தீருகிற பொருளல்ல குளிர்பெட்டியின் கேஸ். மூடிய குழாய்க்குள் அது திரவமாகவும் ஆவியாகவும் மாறி மாறிச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. குழாயில் ஓட்டை இல்லாவிட்டால் இருபது வருஷமானாலும் அளவு குறையாது. ஆகவே கேஸ் குறைந்திருக்கிறது என்று மெக்கானிக் சொன்னால், "எங்கே ஒழுகுகிறது?" என்று கேட்பதே சரியான பதில். கேஸோடு எண்ணெயும் கொஞ்சம் கசியும். ஆகையால் இணைப்புகளில் எண்ணெய்ப் பிசுக்கும் அதில் படிந்த தூசியும் தெரிந்தால் அந்த இடத்தைச் சந்தேகிக்கலாம். சோப்பு நுரை தடவினால் குமிழி வரும். ஓட்டையை அடைக்காமல் கேஸ் மட்டும் அடிப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பதுதான்.

ஆனால் குளிர் தவறுவதற்குக் கேஸ் காரணமல்லாத சந்தர்ப்பங்களும் நிறைய. காசு செலவில்லாமல் பார்க்கக் கூடியவை அவை.

பெட்டி குளிரை உற்பத்தி செய்வதில்லை. உள்ளே இருக்கும் சூட்டை எடுத்து வெளியே தள்ளுகிறது, அவ்வளவே. வெளியே தள்ளும் வேலையைச் செய்வது கண்டென்சர். மெல்லிய தகடுகள் அடுக்கிய அந்தக் கூட்டின் வழியே காற்று தாராளமாகப் போக வேண்டும். தகடுகளுக்கிடையில் தூசியும் பூச்சியும் அடைத்திருந்தால் மெஷின் ஓடும், சத்தம் வரும், டீசல் செலவாகும், குளிர் மட்டும் வராது. பொழியூர், கொல்லங்கோடு போன்ற கடற்கரைக் கிராமங்களில் நிற்கும் வண்டிகளுக்கு இன்னொரு சனியும் உண்டு: உப்புக் காற்று. அது அலுமினியத் தகடுகளை வெள்ளைப் பொடியாக அரித்துவிடும். வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரால் மெதுவாகக் கழுவி, மிருதுவான பிரஷ்ஷால் துடைத்தால் போதும். சர்வீஸ் ஸ்டேஷன் குழாயை நேராகப் பிடித்துப் பீச்சியடித்தால் தகடுகள் மடங்கி, இருந்த வழியும் அடைபட்டுப் போகும்.

அடுத்தது கதவு. ரப்பர் விளிம்பில் ஒரு பத்து ரூபாய் நோட்டை வைத்துக் கதவை மூடி இழுத்துப் பாருங்கள். இறுக்கமாக வந்தால் சரி. வழுக்கிக்கொண்டு வந்தால் அங்கே காற்று நுழைகிறது. இருட்டியபின் ஒரு டார்ச்சை எரியவிட்டு உள்ளே வைத்துக் கதவை மூடி, வெளியிலிருந்து வெளிச்சம் கசிகிறதா என்று பார்ப்பதும் நல்ல வழி. எடவப்பாதி மழைக் காலத்தில் இது முக்கியம். ஈரக்காற்று நுழைந்து, உள்ளேயுள்ள குளிர்ந்த சுருளில் பனியாகப் படியும். பனி கனத்தால் காற்று சுருளைத் தொட முடியாது. மெஷின் ஓடியும் பெட்டி வெதுவெதுப்பாக இருக்கும். மெஷினை நிறுத்திப் பனியைத் தானாக உருகவிட வேண்டும். கத்தியாலோ ஸ்குரூ டிரைவராலோ குத்தி எடுக்கிறவர்கள் குழாயையும் சேர்த்துக் குத்துகிறார்கள். அன்றைக்கு உண்மையாகவே கேஸ் தீர்ந்துவிடும்! வாடகை அறையில் செகண்ட் ஹேண்ட் பிரிட்ஜ் வைத்திருக்கும் குமாஸ்தாக்களுக்கும் இது பொருந்தும்.

பாட்டரியில் ஓடும் சிறிய பெட்டிகளில் தகராறு பெரும்பாலும் ஒயரில்தான். கம்ப்ரஸர் "டிக்" என்று கிளம்பி, சில விநாடிகளில் நின்று, மறுபடியும் கிளம்பினால், அதற்குப் போதிய வோல்டேஜ் போகவில்லை என்று சந்தேகிக்கலாம். பாட்டரியில் மீட்டர் வைத்து 12 வோல்ட் காட்டுகிறது என்று திருப்திப்படக் கூடாது. கம்ப்ரஸர் ஓடும்போது அதன் முனையில் மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். ஒல்லியான, நீளமான ஒயரும் துருப்பிடித்த முனைகளும் வழியிலேயே ஒன்றிரண்டு வோல்டைத் தின்றுவிடும். கனத்த ஒயர் மாற்றினால் தீர்கிற விஷயம்.

என்ஜினோடு பெல்ட்டால் இணைத்த குளிர்பெட்டி வண்டிகளில், என்ஜினை நிறுத்தினால் குளிரும் நின்றுவிடும். நிற்கும்போது கரண்டில் ஓட்டும் தனி வசதி சில வண்டிகளில் மட்டுமே உண்டு. டீசல் மிச்சம் என்று சோதனைச் சாவடி வரிசையில் என்ஜினை அணைத்துவிட்டுத் தூங்கினால், விழிக்கும்போது பெட்டி குளிர்ந்திருக்காது.

நெருப்பு வைத்தால் குளிரும் பெட்டி

கேரவன் என்றதும் சினிமா நட்சத்திரங்கள் ஓய்வெடுக்கும் வண்டிதான் தமிழர்களுக்கு ஞாபகம் வரும். ஆனால் கேரள அரசு 2021இல் கேரவன் சுற்றுலாக் கொள்கையை அறிவித்தபின் சாதாரணப் பயணிகளுக்கும் அந்த வார்த்தை பழகிவிட்டது. குமரி முனையைப் பார்க்கச் சொந்த வீட்டு வண்டியிலேயே வரும் வெளிநாட்டினரும் உண்டு. அத்தகைய வண்டிகளில் சிலவற்றில் கம்ப்ரஸரே இல்லாத பிரிட்ஜ் இருக்கும். சமையல் கேஸின் சிறு சுடரிலோ மின் ஹீட்டரிலோ அது வேலை செய்யும். நெருப்பு வைத்தால் எப்படிக் குளிரும் என்று நம்மூர் மெக்கானிக்குகள் சிலர் மலைப்பது நியாயமே.

ஸ்டாக்ஹோமில் மாணவர்களாயிருந்த பிளாட்டன், முன்டர்ஸ் என்ற இருவர் 1922இல் கண்டுபிடித்த முறை இது. உள்ளே அம்மோனியாவும் தண்ணீரும் ஹைட்ரஜனும் இருக்கின்றன. சூடு பட்டதும் அம்மோனியா தண்ணீரிலிருந்து பிரிந்து மேலே போய்க் குளிர்ந்து திரவமாகிறது. பிறகு ஹைட்ரஜன் இருக்கும் பகுதியில் ஆவியாகும்போது பெட்டியின் சூட்டை இழுத்துக்கொள்கிறது. கடைசியில் தண்ணீரில் மறுபடியும் கரைந்து கீழே வருகிறது. ஓடுகிற பாகம் ஒன்றுகூட இல்லை. மின்சாரம் எட்டாத கிராம ஆஸ்பத்திரிகளில் தடுப்பு மருந்தைக் காத்த மண்ணெண்ணெய் பிரிட்ஜும் இதே ஜாதிதான்.

திரவம் தன் கனத்தால் இறங்கி வருவதால் வண்டி மட்டமாக நிற்க வேண்டியது அவசியம். ஓடும்போது ஆட்டத்தில் சரியாகிவிடும். ஆனால் மேடும் பள்ளமுமான நெய்யாற்றின்கரைப் பக்கத்தில் சரிவில் நிறுத்திவிட்டு இரவு முழுவதும் பிரிட்ஜை எரியவிட்டால், திரவம் ஒரு மூலையில் தேங்கி, கொதிகலன் வறண்டு, உள்ளே அடைப்பு உண்டாகும். அப்புறம் அந்த யூனிட்டை மாற்றுவதைத் தவிர வேறு வழியிருக்காது. கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டத்தைப் பிரிட்ஜின் உள்தளத்தில் வைத்துப் பார்த்து, சக்கரத்தின் கீழ் பலகை கொடுத்தால் முடிகிற வேலை.

குறையைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. கேஸில் குளிர்ந்து கரண்டில் குளிராவிட்டால், ஹீட்டரையோ கரண்டையோ பாருங்கள். வோல்டேஜ் குறைந்தால் ஹீட்டரின் சூடு அதைவிட வேகமாகக் குறையும். 230 வோல்ட் கேட்கும் ஹீட்டருக்கு 170 வந்தால் சூடு ஏறக்குறையப் பாதிதான். கரண்டில் குளிர்ந்து கேஸில் குளிராவிட்டால் பர்னரைப் பாருங்கள். சுடர் நீலமாக இருக்க வேண்டும். மஞ்சளாக இருந்தால் கரி படிகிறது. சிலந்தி கூடு கட்டியிருந்தாலும் அப்படி ஆகும். இரண்டிலும் குளிராவிட்டால், மட்டமும் பின்பக்கத்துக் காற்று ஜன்னல்களும் சரியா என்று பார்க்க வேண்டும். கீழ் ஜன்னலில் காற்று நுழைந்து மேல் ஜன்னலில் சூடாக வெளியேற வேண்டும். மழைக்குப் பயந்து பிளாஸ்டிக் தாள் ஒட்டுகிறவர்கள் பிரிட்ஜின் மூச்சையே அடைக்கிறார்கள்.

இந்தப் பெட்டி குளிர்வதற்குப் பல மணி நேரம் எடுக்கும். ஒரு டம்ளர் தண்ணீரில் தெர்மாமீட்டரைப் போட்டு இரவு முழுவதும் உள்ளே வைத்துக் காலையில் பார்ப்பதே நியாயமான சோதனை. 5 டிகிரியோ அதற்குக் குறைவோ காட்டினால் குறையில்லை. பின்பக்கக் குழாய்களில் மஞ்சள் பொடி தெரிந்தாலோ, மூக்கை அறுக்கும் அம்மோனியா நெடி வந்தாலோ, சுடரை அணைத்து, ஜன்னல்களைத் திறந்துவிட்டு, வண்டியைவிட்டு விலகிவிட வேண்டும். அழுத்தத்தில் ஹைட்ரஜன் அடைத்த குழாய் அது. வெல்டிங் பட்டறைக்குக் கொண்டுபோகவே கூடாது.

ஐஸ் கணக்கு

இந்த எல்லையில் மெஷினே இல்லாத வண்டிகளும் உண்டு. காப்புப் பெட்டியில் ஐஸ் நிரப்பி மீன் ஏற்றும் வண்டிகள் அவை. இங்கே பழுதாவது கணக்கு. ஒரு கிலோ ஐஸ் உருகும்போது சுமார் 80 கிலோ கலோரி சூட்டை விழுங்கும். 30 டிகிரியில் இருக்கும் ஒரு கிலோ மீனைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவர ஏறக்குறைய 25 கிலோ கலோரியை எடுக்க வேண்டும். அதாவது 100 கிலோ மீனைக் குளிரவைக்க மட்டுமே 30 கிலோ ஐஸுக்கு மேல் செலவாகிவிடும். வழியெல்லாம் பெட்டிச் சுவர் வழியே நுழையும் சூட்டுக்குத் தனி ஐஸ் வேண்டும். கிலோவுக்குக் கிலோ என்ற பழைய வழக்கம் வீண் செலவு அல்ல. ஐஸை நொறுக்கி மீனும் ஐஸும் அடுக்கடுக்காகப் போட வேண்டும். மேலே மட்டும் கொட்டினால் அடியிலுள்ள மீன் வேகும். உருகிய தண்ணீர் வடியும் துளையை அடைக்கக் கூடாது.

குளிர் மெஷின் உள்ள வண்டிக்காரர்களும் ஒன்றை மறக்கக் கூடாது. அந்த மெஷின் குளிர்ந்த சரக்கைக் காப்பதற்காகச் செய்யப்பட்டது. சூடான சரக்கைக் குளிரவைக்கும் வலு அதற்குக் கிடையாது. ஐஸ் இல்லாத மீனை ஏற்றிவிட்டு மெஷின்மேல் பழி போடுவதில் பயனில்லை. கூரைவரை அடைத்து அடுக்கினாலும் காற்று சுற்ற வழியிராது.

ஆனி, ஆடி மாதங்களில் இந்தத் தொல்லை உச்சத்துக்குப் போகும். ஜூன் மாதம் கேரளக் கடலில் டிராலிங் தடை ஆரம்பித்து ஜூலை 31 வரை நீடிக்கிறது. தமிழகத்தின் கிழக்குக் கரையில் தடை ஜூன் 14ஆம் தேதியோடு முடிகிறது. ஆகவே அந்த நாட்களில் கேரளத்துச் சட்டிக்கு மீன் வருவது வெகு தூரத்திலிருந்து. தூரம் கூடக் கூட ஐஸ் குறைகிறது. குறைந்த ஐஸை மறைக்கச் சிலர் பார்மலினைத் தேடுகிறார்கள். பிணத்தைக் கெடாமல் வைக்கும் மருந்து அது. 2018 ஜூனில் கேரள உணவுப் பாதுகாப்புத் துறை 'ஆபரேஷன் சாகர் ராணி' என்ற பெயரில் நடத்திய சோதனையில் அமரவிளை சாவடியிலேயே பார்மலின் கலந்த மீன் பிடிபட்டது. கொச்சியிலுள்ள மத்திய மீன் தொழில்நுட்ப நிலையம் உருவாக்கிய தாள் பட்டை, மருந்து கலந்திருப்பதைச் சில நிமிஷங்களில் காட்டிக்கொடுத்துவிடும்.

குளிர் தவறிய மீனை மறுபடி ஐஸில் போட்டு விற்றுவிடலாம் என்ற நினைப்பும் தவறானது. அயிலை, சாளை, சூரை போன்ற மீன்கள் சூட்டில் சில மணி நேரம் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் என்ற நஞ்சு உண்டாகும். உண்டானபின் ஐஸில் போட்டாலும் போகாது. குழம்பாகக் கொதித்தாலும் போகாது. சாப்பிட்டவருக்கு முகம் சிவந்து, தலைவலியும் தடிப்பும் வாந்தியும் வரும். ஒயர் ஒட்டிய ஒரு சிறிய தெர்மாமீட்டரைப் பெட்டிக்குள் வைத்து, ஓட்டுநரின் கண்ணெதிரே அதன் எண் தெரியும்படி மாட்டிவிட்டால், எண் ஏறத் தொடங்கும்போதே அடுத்த ஐஸ் பாக்டரியில் வண்டியை நிறுத்த முடியும். வழியில் எத்தனை மணிக்கு எத்தனை டிகிரி என்று ஒரு நோட்டில் குறித்து வைக்கும் ஓட்டுநருக்கு, சரக்கு ஏற்றும்போதே சூடாக இருந்ததா, வழியில் சூடேறியதா என்று முதலாளி கேட்டால் காட்டுவதற்குக் கையில் கணக்கு இருக்கும்.