சம்மட்டி, சிலுவை, கோட்டைக் கோலம்: கடலோரக் காப்புக் குறிகள்

நோர்ஸ் சின்னங்கள் என்று இன்று உடம்பில் பச்சை குத்தப்படுபவை டென்மார்க், நோர்வே, சுவீடன், ஐஸ்லாந்து நாடுகளின் பழைய கடலோடிகளான வைக்கிங்குகளின் சமயத்தோடும் கலையோடும் தொடர்புள்ளவை. வைக்கிங் காலம் ஏறத்தாழ கி.பி. 793 முதல் 1066 வரை. ஆனால் பச்சைக் கடை மாதிரிப் படங்களில் பக்கம் பக்கமாக நிற்கும் உருவங்கள் எல்லாமே அந்த வயதுடையவை அல்ல. சில மண்ணில் தோண்டி எடுத்தவை, சில கல்லில் செதுக்கியவை, வேறு சில பிற்கால மந்திர ஏடுகளில் வரைந்தவை. இவற்றில் பலவற்றை ஒருவர் அணிவதற்குச் சொல்லும் காரணம் ஒன்றே: காப்பு. அந்தத் தேவை மன்னார்க் கடற்கரைக்கும் பழக்கமானது.

மண்ணிலும் கல்லிலும் கிடைத்தவை

மிக உறுதியான சான்றுள்ள சின்னம் இடிக்கடவுள் தோரின் சம்மட்டி, மியோல்னிர். கழுத்தில் அணியும் சிறு சம்மட்டிகள் ஆயிரத்துக்கு மேல் கிடைத்திருக்கின்றன. டென்மார்க்கின் லொலாண்ட் தீவில் 2014இல் வெளிப்பட்ட பத்தாம் நூற்றாண்டுச் சம்மட்டி ஒன்றில், இது சம்மட்டி என்ற பொருளில் ரூன் எனும் பழைய வட ஐரோப்பிய எழுத்துகளே பொறிக்கப்பட்டிருந்தன. அதே நாட்டில் திரென்ட்கோர்டன் என்ற இடத்தில் கிடைத்த மாக்கல் அச்சு இன்னும் சுவையானது. சிலுவைக்கும் சம்மட்டிக்குமான குழிகள் அந்த ஒரே கல்லில் வெட்டப்பட்டுள்ளன. நாடு கிறித்தவத்துக்கு மாறிக்கொண்டிருந்த நாளில் அந்தக் கம்மியர் இரு தரப்புக்கும் காப்பு வார்த்துக் கொடுத்திருக்கிறார்.

ஒன்றுக்குள் ஒன்றாகக் கோத்த மூன்று முக்கோணங்கள் சுவீடனின் கோட்லாண்ட் தீவுப் படக்கற்களில் உள்ளன. ஸ்டோரா ஹம்மார்ஸ் கல்லில் இவ்வுருவம் பலிக் காட்சி ஒன்றின் அருகே வருவதால், போரில் மாண்டோரை ஏற்கும் ஒடின் கடவுளோடு அறிஞர்கள் இதைச் சேர்த்துப் பார்க்கிறார்கள். வல்க்நுட் என்ற பெயர் பிற்காலத்தார் இட்டது.

ரூன் எழுத்துகளிலும் கால வேறுபாடு உண்டு. பலர் பச்சை குத்திக்கொள்ளும் 24 எழுத்து வரிசை வைக்கிங் காலத்துக்கு முந்தையது. வைக்கிங்குகள் பெரும்பாலும் எழுதியது 16 எழுத்து வரிசையில்.

ஏட்டில் பிறந்த திசைகாட்டி

வைக்கிங் திசைகாட்டி என்று விற்கப்படும் எட்டுக்கை உருவம் வெக்விசிர். ஐஸ்லாந்தின் அக்குரேரியில் கெயிர் விக்ஃபுசொன் 1860இல் தொகுத்த ஹுல்ட் கையெழுத்து ஏட்டில் இது உள்ளது. இதைத் தன்னிடம் வைத்திருப்பவர் புயலிலும் தெரியாத பாதையிலும் வழி தவறமாட்டார் என்று ஏடு சொல்கிறது. வைக்கிங் காலக் கல்லிலோ கப்பலிலோ இவ்வுருவம் கிடைக்கவில்லை. ஐஸ்லாந்துப் பாடகி பியோர்க்கின் கையில் உள்ள பச்சை இதை உலகறியச் செய்தவற்றுள் ஒன்று.

வைக்கிங்குகள் பச்சை குத்தினார்களா என்ற கேள்விக்கு ஒரே முக்கியச் சாட்சி பக்தாத் தூதுக்குழுவில் சென்ற இப்னு ஃபத்லான். 922இல் வொல்கா ஆற்றங்கரையில் கண்ட, வைக்கிங் வழியினராகக் கருதப்படும் ரூஸ் வணிகர்களின் உடலில் கழுத்துவரை மரங்களும் உருவங்களும் கரும்பச்சையாக இருந்ததாக அவர் எழுதினார். அது குத்தியதா பூசியதா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அக்காலத்துத் தோல் எதுவும் எஞ்சவில்லை.

அகத்திக் கரியும் கோட்டைக் கோலமும்

தமிழ்நாட்டுப் பச்சைக்கு இதைவிட விரிவான பதிவு உண்டு. மன்னார் வளைகுடாவின் முத்து, சங்குக் குளிப்பைப் பற்றி 1890இல் நூல் வெளியிட்ட சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன், குறவர் பெண்கள் பச்சை குத்தும் முறையையும் பதிவு செய்தார். மஞ்சள் தூளையும் அகத்தி இலையையும் சேர்த்து அரைத்து, துணியில் பரப்பித் திரியாகச் சுருட்டி, ஆமணக்கெண்ணெய் விளக்கில் எரிப்பார்கள். மேலே கவிழ்த்த புதுச்சட்டியின் உட்புறத்தில் படியும் கரியைச் சுரண்டி, தண்ணீரிலோ தாய்ப்பாலிலோ குழைத்தால் மை. உருவத்தை முதலில் குச்சியால் வரைந்து, சேர்த்துக் கட்டிய ஊசிகளால் குத்துவார்கள். வலி தெரியாதிருக்கப் பாட்டு. முடிந்ததும் வீக்கம் வராதிருக்க மஞ்சள். தேள், மீன், பறவை, பூ, நாமம், விருப்பமானவரின் பெயர் ஆகியவை வழக்கமான உருவங்கள்.

கோலங்களும் தோலில் ஏறின. வாசற்கோலத்தையும் பச்சைக் கோலத்தையும் ஒப்பிட்டு மானிடவியலாளர் ஜான் லேயார்ட் 1937இல் ஒரு கட்டுரை எழுதினார். உள்ளே நுழையும் கெட்ட சக்தியைத் திணறடிக்கும் சுற்றுவழி உருவங்கள் அதன் மையப்பொருள். தமிழகத்தில் கோட்டை என வழங்கிய அதே வகைச் சுற்றுவழியை பால்டிக் கடலோரத்தில் நூற்றுக்கணக்கான இடங்களில் கற்களை அடுக்கி அமைத்திருக்கிறார்கள். மீனவர்கள் அதனுள் நடந்து, பின்தொடரும் கெட்ட காற்றைச் சிக்கவைத்துவிட்டு வெளியே ஓடிவந்து கடலுக்குப் போவார்கள் என்பது அங்குள்ள வழக்கு.

கடல்கட்டி

மன்னார் வளைகுடாவில் சுறாவுக்கு எதிரான காப்பு ஓர் உத்தியோகமாகவே இருந்தது. முத்துக்குளிப்போரைப் பெருமீன் தாக்காதபடி மந்திரம் செய்வோருக்குக் கிடைத்த முத்தில் இருபதில் ஒரு பங்கு கூலி என்று 13ஆம் நூற்றாண்டு இறுதியில் மார்க்கோ போலோ குறித்தார். மந்திரம் பகலுக்கு மட்டுமே. இரவில் அதை அவிழ்த்துவிடுவார்கள் என்றும் எழுதினார்.

1560இல் போர்த்துக்கேயர் மன்னார்த் தீவைப் பிடித்தார்கள். கரையோர மக்களில் பலர் கத்தோலிக்கர் ஆனார்கள். கடல்கட்டி எனப்படும் அந்த மந்திரக்காரர் மட்டும் போகவில்லை. மன்னாரை அடுத்த அரிப்புக் கரையின் முத்துக்குளிப்பில் அன்றைய பிரித்தானிய அரசே அமர்த்திய கடல்கட்டியைப் பற்றி ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட் 1861இல் வெளியிட்ட நூல் பேசுகிறது. அந்தக் கடல்கட்டியே ஒரு கத்தோலிக்கர். அவர் இல்லாமல் குளிப்போர் இறங்கமாட்டார்கள் என்பதால் அரசும் அவரை விலக்கவில்லை. திரென்ட்கோர்டன் அச்சு காட்டும் உண்மையும் இதுவே: மதம் மாறினாலும் காப்புத் தேவை நீடிக்கிறது. மன்னாரின் பேசாலை, வங்காலைப் படகுகளில் இன்று புனிதர்களின் பெயர்கள் அந்த இடத்தில் நிற்கின்றன.

அணிபவரும் பார்ப்பவரும்

சின்னத்தின் பொருளை அணிபவர் மட்டும் தீர்மானிப்பதில்லை. 2014 ஏப்ரலில் கையில் புத்தர் உருவத்தோடு கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கிய பிரித்தானியப் பெண் ஒருவர் கைதாகி நாடு கடத்தப்பட்டார். அவரது அடிப்படை உரிமை மீறப்பட்டதாக 2017 நவம்பரில் இலங்கை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து இழப்பீடு வழங்க உத்தரவிட்டது.

நோர்ஸ் சின்னங்களுக்கும் இதே சிக்கல் உண்டு. நாஜிகளின் எஸ்எஸ் படை அணிந்த இரட்டை ரூன் குறியைப் பொதுவில் காட்டுவது ஜெர்மனியில் குற்றம். வல்க்நுட்டை நிறவெறிக் குழுக்கள் சிலவும் பயன்படுத்துகின்றன. ஜெர்மனியிலும் நோர்வேயிலும் உறவினர் வாழும் வட இலங்கை இளைஞர் ஒருவர் இவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது, உருவத்தின் வயதோடு இன்று அதை யார் அணிகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது. சம்மட்டிக்கு வலுவான பழைமைச் சான்று உண்டு; வெக்விசிர் 19ஆம் நூற்றாண்டு ஏட்டுக்குரியது; ரூன்களுக்கு எழுத்துக்கு எழுத்து விசாரணை தேவை.