மீளுயிர்ப்புப் பயிற்சியும் தோட்டப்புறச் சிறு வைத்தியசாலைகளும்

இதயத்துடிப்பு நின்ற ஒருவரின் நெஞ்சைக் கைகளால் அழுத்திக் குருதியோட்டத்தைப் பேணலாம் என்பதை, 1960இல் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த கௌவன்ஹோவன், ஜூட், நிக்கர்பொக்கர் ஆகியோர் வெளியிட்டனர். இன்று அம்முறைக்குத் திட்டமான அளவுகள் உள. வளர்ந்தோர்க்கு நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தங்கள். ஆழம் 5 முதல் 6 சென்ரிமீற்றர். 30 அழுத்தங்களுக்கு 2 மூச்சூட்டல்.

இவ்வளவுகளை மனம் நினைவிற் கொள்ளும், கை மறந்துவிடும். பயிற்சி பெற்ற தாதியரிடத்தும் மருத்துவரிடத்தும் செய்திறன் சில மாதங்களுக்குள்ளேயே தேயத் தொடங்குகின்றது என்பதை ஆய்வுகள் பல காட்டியுள்ளன. சான்றிதழோ பெரும்பாலும் இரண்டாண்டுகளுக்குச் செல்லுபடியாகின்றது.

பெருநகர வைத்தியசாலைகளில் அன்றாடத் தொழிலே ஓரளவு பயிற்சியாகின்றது. கேகாலை மாவட்டத்தில், தேயிலை, இறப்பர்த் தோட்டங்கள் சூழ்ந்த புளத்கொகுபிட்டிய போன்ற ஊர்களின் நிலை வேறு. அங்கே இத்தகைய நோயாளர் வருவது அரிது. வந்துவிட்டாலோ, மலைப்பாதை வழியே பெரிய வைத்தியசாலைக்கு அனுப்ப அவகாசமில்லை. மின்னதிர்ச்சியால் திருத்தக்கூடிய இதய நிறுத்தத்தில், எவ்வுதவியுமின்றிக் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பை நூற்றுக்கு 7 முதல் 10 வரை குறைக்கின்றது. எனவே நிகழ்வு குறைந்த இடத்திற்கே மறுபயிற்சி மிகுதியும் வேண்டப்படுகின்றது.

நீண்ட வகுப்பொன்றினும், இடைவிட்டுப் பன்முறை நிகழும் குறும்பயிற்சியே திறனைக் காக்கும் என்பது 2018இல் அமெரிக்க இதயக் கழகம் வெளியிட்ட அறிக்கையின் சாரம். இதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. விடுதியில் ஒரு பயிற்சிப் பொம்மை, மூன்று மாதங்களுக்கு ஒருமுறை சில நிமிடங்கள், பிழையை உடன் திருத்தும் ஒருவர் போதும். தாதியரோடு சிற்றூழியரும் சாரதிகளும் தமிழிலும் சிங்களத்திலும் பயிலுதல் வேண்டும். நகரத்தாருக்குக் கிட்டும் அதே சிகிச்சை தோட்டத் தொழிலாளருக்கும் உரியதெனில், அவரை முதலில் தொடும் கைகள் பழகியிருத்தல் அவசியமாகும்.